நாள் கூலி

தீர்மானப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை,
அதனால் இங்கே எழுதுகிறேன்.

அயனாவரம் சபை மண்டபம், வடக்குச் சுவர்,
படைப்பின் ஆறு நாளுக்கு ஆறு கட்டம்.
பெயிண்டர் தணிகாசலம். நாளுக்கு ஆயிரத்து இருநூறு,
பெயிண்டும் டீயும் சபையுடையது.
நாளுக்கு ஒரு கட்டம் என்று பேச்சு.
இது ஐப்பசி என்று யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் காலையிலேயே கேட்டார்:
"சூரியன் நாலாவது கட்டத்துலதான் வருதுங்களா?"
ஆமாம் என்றேன்.
"அப்ப மொத கட்டத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து விழுது?
இருபது வருஷம் கட்அவுட் வரைஞ்சவன் சார்.
வெளிச்சம் எங்கேன்னு தெரியாம
ஒரு மூக்குகூட வைக்க முடியாது."

கமிட்டி கூடியது.

ஏசுவடியான் லோகோ ஒர்க்ஸில் டைம்கீப்பராக இருந்தவர்.
நாள் என்றால் இருபத்து நாலு மணி நேரம்.
சாயங்காலம் போட்டிருக்கிறது, காலை போட்டிருக்கிறது,
இதைவிட என்ன முத்திரை வேண்டும் என்றார்.

பொருளாளர் ஞானசிகாமணி சிரித்தார்.
ஆண்டவர் தினமும் காலண்டர் கிழிக்கிறவரா?
பரங்கிமலைப் பாறையைப் போய்க் கேளுங்கள்,
இருநூற்றைம்பது கோடி வருஷம் என்கிறார்கள்.
ஒரு நாள் ஒரு யுகம். இழுத்துக்கொண்டே போகும்.

எமிமாள் டீச்சர் இருவரையும் விட்டுவிட்டு
சுவரைத் தொட்டுக் காட்டினார்.
இங்கே ஒளி, அதற்கு நேர் கீழே ஒளியைச் சுமக்கிற சுடர்கள்.
இங்கே வானும் நீரும், கீழே பறவையும் மீனும்.
இங்கே தரை, கீழே அதில் நடக்கிறவர்கள்.
"எதுகை கேட்கலையா உங்களுக்கு?
பாட்டுக்குள்ளே போய் மணி பார்க்கிறீங்க."

ஆயர் டீ குடித்தார். மே மாதம் அவருக்கு மாற்றல்.

தணிகாசலத்துக்குப் பதில் போகவில்லை.
அவர் இரண்டாவது கட்டத்தில் தொடங்கினார்.

மேலே நீர், கீழே நீர், நடுவில் விரிவு.
அன்று இரவே மழை. மொட்டை மாடித் தளத்தில் விரிசல்.
மேல் நீர் இறங்கி வந்து கீழ் நீரோடு சேர்ந்தது,
நீலம் வழிந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் தேங்கியது.
காயக் காத்திருந்தார், மறுபடி வரைந்தார், மறுபடி ஒழுகியது.
அந்த ஒரு நாளை மட்டும் ஆண்டவர்
நல்லது என்று சொல்லாமல் விட்டார் என்றார் எமிமாள் டீச்சர்.
தளம் போட்டவர்களுக்குப் புரியும்.

பத்தொன்பது நாள் ஆனது.

பொருளாளர் ஆறு நாள் பணத்தை உறையில் கொண்டுவந்தார்.
"ஆறுன்னுதானே பேசினோம்?"
தணிகாசலம் உறையைப் பிரிக்கவில்லை.
"ஒரு நாள் இழுத்துக்கிட்டே போகும்னு
அன்னிக்கு நீங்கதானே சார் சொன்னீங்க."

ஏசுவடியான் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.
யாரும் கேட்காமலே குறித்து வைத்திருக்கிறார்:
வந்த நேரம், போன நேரம், மழைக்கு ஒதுங்கிய நேரம்,
பத்தொன்பது சாயங்காலம், பத்தொன்பது காலை.
"நாள்னா நாள்தான். குடுங்க."

பூமியின் வயது பற்றி அவர் சொல்வதை
நான் இன்றும் நம்புவதில்லை.
அந்த நோட்டை நம்பினேன்.

முதல் கட்டம் வெறும் வெள்ளையாகவே நின்றது.
வரையாததற்கும் கூலியா என்றார் பொருளாளர்.
ஏசுவடியான் பக்கம் புரட்டி வாசித்தார்:
பதினாலாம் நாள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
ஸ்டூலில் உட்கார்ந்து முதல் கட்டத்தைப் பார்த்தார்.
நடுவில் டீ, இரண்டு முறை.

இப்போது மண்டபத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும்
போட்டோகிராபர்கள் ஜோடியை
அந்த வெள்ளைக்கு முன்னால்தான் நிறுத்துகிறார்கள்.
ஏன் என்று ஒரு பையனைக் கேட்டேன்.
"அங்க நின்னா முகத்துல நிழலே விழாது சார்,
எல்லாப் பக்கமும் லைட்டு."

தணிகாசலத்திடம் சொல்ல நம்பர் தேடினேன்,
ரசீதில் கைநாட்டு போல ஒரு நீலக் கறை மட்டும்.

இரண்டாவது கட்டம் இந்த ஐப்பசியிலும் ஒழுகுகிறது.