கட்டைக்குரல் ஒன்றரை

மழைக்கு ஒதுங்கியவள்தான் நான்.
காளான் பண்ணைப் பேருந்து வராத ஒரு செவ்வாய்க்கிழமை,
கில்டராவின் பழைய தீவனக் கிடங்கில் விளக்கு எரிந்தது.
உள்ளே இருபது பேர், கோட்டைக் கழற்றாமல்,
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப
மாவு பிசைவதுபோல் பாடிக்கொண்டிருந்தார்கள்.
"கதவைச் சாத்திவிட்டு வா, குளிர்கிறது" என்றாள் கப்பிங்கா.
யார் நீ என்று கேட்கவில்லை.
சோப்ரானோவா ஆல்ட்டோவா என்றுதான் கேட்டாள்.

எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
அதைச் சொன்னேன்.
"அவர் காத்திருப்பார், மூன்றாவது வரி காத்திருக்காது"
என்று தாளைக் கையில் திணித்தாள்.
லிங்காலாப் பாட்டு.
உள்ளங்கையில் லிதுவேனிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடினேன்.
வீட்டுக்குப் போய்க் கை கழுவ மனம் வரவில்லை
என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.
கழுவினேன். காளான் உரம் நாறும் கை அது.

மார்ச்சில் நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார்.
ஈரக் காலணியை வாசலிலேயே விட்டு
கட்டம் போட்ட படிவத்தை நீட்டினார்.
ஒருங்கிணைப்பு நிதி. எந்த நாட்டவர் எத்தனை பேர்?
கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கப்பிங்கா எழுதினாள்:
சோப்ரானோ பதினொன்று.
ஆல்ட்டோ ஏழு, ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி, மே மாதம் ஆறு.
டெனர் மூன்று, ஒருவனுக்கு இறைச்சி ஆலையில் இரவு வேலை,
வந்தால் உண்டு.
கட்டைக்குரல் ஒன்றரை.

அந்த அரை, தொபென்னா. பதினைந்து வயது.
ஓர் அடியில் இடி, அடுத்த அடியில் கோழிக்குஞ்சு.
அந்த ஒன்று, ஃபின்டன்.
ஊரில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர்.
முப்பது வருடம் துக்க வீடுகளில் தாழ்த்திப் பேசியே
குரல் தரையோடு தங்கிவிட்டது.
கை மட்டும் ஒன்றிலும் மூன்றிலும் தட்டும்.
"இரண்டில், ஃபின்டன், இரண்டில்!" என்று
அக்ராக்காரி டேடே தோளில் தட்டித் தட்டி
தோள்தான் தாளம் கற்றது.

படிவம் திரும்பி வந்தது: முறையாக நிரப்பப்படவில்லை.
கணப்பு வாங்கக் காசில்லை. கோட்டோடே பாடினோம்.

ஊர் பூங்கொத்தோடு வந்தது என்று நினைக்க வேண்டாம்.
ஒரு காலையில் கிடங்குச் சுவரில்
'போய்விடுங்கள்' என்று இருந்தது, சிவப்பில்.
ஃபின்டன் சவ ஊர்திக்கு அடித்து மிஞ்சிய கறுப்பை
வாளியோடு கொண்டுவந்தார்.
அந்த இடம் மட்டும் இன்னும் பளபளக்கிறது.

அக்டோபரில் அவருடைய அண்ணன் இறந்தார்.
ஆற்றுக்கு அப்பால் தனியாக மாடு வளர்த்தவர்.
நாங்கள் எதிர்ப்பட்டால் வானத்தைப் பார்ப்பவர்.
ஊரார் சாவுக்கெல்லாம் ஆள் சேர்த்தவருக்கு
நாலு பேர்தான் சேர்ந்தார்கள்.
நாலு பேர் போதாத பெட்டி அது. ஆறு வேண்டும்.

ஷிங்கிராய், இரவு வேலை முடிந்த கண்ணோடு,
இடது பின்மூலைக்குப் போனான். தொபென்னா வலதுக்கு.
சரளைப் பாதை. யாரும் பாடவில்லை.
யாரும் பாடச் சொல்லவும் இல்லை.
ஆனால் ஆறு பேரின் நடை எங்கேயோ ஓரிடத்தில்
இரண்டிலும் நான்கிலும் அழுந்தத் தொடங்கியது.
பெட்டி லேசாக ஆடியது.
தொட்டில்போல என்று சொல்ல மாட்டேன்,
துறையில் கட்டிய படகு ஆடுமே, அந்த அளவுக்கு.
முன்னால் நடந்த ஃபின்டனுக்குத் தெரிந்திருக்கும்.
திரும்பிப் பார்க்கவில்லை.
அவர் கால் மட்டும், முதல் தடவையாக,
விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

குழிமேட்டில் பாதிரியார் முடிக்க, ஆமென் என்றோம். நானும்தான்.
எல்லாருக்கும் அடியில் இன்னொரு ஆமென் கேட்டது,
கரகரத்து, ஆனால் உடையாமல்.
தொபென்னா தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்தான்.

அடுத்த செவ்வாய், புதிய படிவம்.
கட்டைக்குரல் இரண்டு என்று எழுதிய கப்பிங்கா
பேனாவைக் கடித்து யோசித்து
ஓரத்தில் சேர்த்தாள்: கணப்பு, இல்லை.
நான் குடையை உதறிக் கதவைச் சாத்தினேன்.