வடக்கு வாசல்

நிபோங் திபாலுக்கு அப்பால், செம்பனைகளுக்கு நடுவே
அறுபது பேர் உட்காரும் ஒரு தேவாலயம்.
நான் அளக்க வந்தவள்.
லேசர் கருவி, நாடா, மடக்கு ஏணி,
கழுத்தில் துண்டு.

எங்கோ குளிர்ந்த கிராமம் ஒன்றுக்கு வரைந்த படம்
கப்பலேறி இங்கே வந்திருக்கிறது.
கூரைச் சரிவு ஐம்பத்தைந்து பாகை,
பனி வழுக்கி விழுவதற்கு.
நூற்று முப்பது வருடத்தில் வழுக்கி விழுந்தவை
சருகு, இரண்டு பட்டம்,
ஓடு மாற்ற ஏறிய ஒருவன்.
கால்தான் முறிந்தது என்கிறார்
சபைக் காவலர் ஆபேல் துரைக்கண்ணு.

சன்னல்கள் ஒடுக்கம், கூர்முனை.
இங்கே வெயிலுக்கு யாரும் கதவு திறப்பதில்லை,
அதுவாக வரும்.
யாரோ பிறகு சுவரடியில்
கை நுழையும் ஓட்டைகள் இட்டுக்
காற்றுக்கு வழி விட்டிருக்கிறார்கள்.
பழைய படத்தில் அவை இல்லை.
என் படத்தில் உண்டு. பதினெட்டு.

முட்டுச்சுவர்கள் ஆறு.
தட்டிப் பார்த்தேன்; ஒன்றும் எதையும் தாங்கவில்லை.
கல்யாண வீட்டில் பந்தற்காலோரம்
கைகட்டி நிற்கும் மாமன்மார்.
நிற்கட்டும்.

தெற்கு வாசல்தான் வாசல் என்கிறது படம்.
முகப்பு மண்டபம், வளைவு, இரட்டைக் கதவு,
துரையின் குதிரை வண்டிக்குச் சரளைத் திடல்.
வடக்கே ஒரு கதவு, ஐந்தேகால் அடி.
"கட்டிட வேலை முடிந்ததும் அடைத்துவிடவும்" என்று
சாய்ந்த கையெழுத்தில் ஒரு குறிப்பு.

அடைக்கவில்லை.
கரும்புத் தீம்பாரின் லயங்கள்
வடக்கே இருந்தன.

தெற்குப் படிக்கல்லில் உளித்தடம் இன்னும் தெரிகிறது.
விளிம்பு விரலைக் கீறும்.
வடக்குப் படியில் மட்டப்பலகையை வைத்தேன்.
அடியில் என் இரண்டு விரல்கள் நுழைந்தன.
முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.
கருங்கல்.
மறுபடி அளந்தேன். முப்பத்தெட்டு.
ஞாயிறுக்கு இத்தனை பேர், பாதிப் பேருக்குச் செருப்பில்லை,
என்று பெருக்கத் தொடங்கிப்
பாதியில் விட்டேன்.

ஆபேல் துரைக்கண்ணு அந்த வழியாகத்தான் வந்தார்,
இரண்டு பொட்டலம் தே ஓ ஐஸ் கையில் ஆட.
ஐந்தடிகூட இல்லாத மனிதர்.
கதவருகே வந்ததும் தலையைக் குனிந்தார்.

அலுவலகத்தில் பெய் லிங் கேட்டாள்:
"படி ஏன் தொங்குகிறது? நேராக்கிவிடு.
குத்தகைக்காரர் எப்படியும் புதுக்கல் போடுவார்,
எண்ணூறு ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறது."
நேராக்கினேன்.
மறுநாள் காலை, யாரும் வருவதற்குள்,
கோப்பைத் திறந்து பள்ளத்தைத் திரும்ப வரைந்தேன்.
ஏழு புள்ளிகள், ஒரு வளைகோடு.
குறிப்புக் கட்டத்தில் "மாற்ற வேண்டாம்" என்று எழுதி
அழித்தேன்.
"அளவு சரி" என்று மட்டும் விட்டேன்.

நேற்று ஆபேல் துரைக்கண்ணு
வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்.
மழைக்குப் பின் அந்தக் கல்.
பள்ளம் நிறையத் தண்ணீர்,
தண்ணீரில் தலைகீழாகக் கூரை.
கீழே எழுதியிருந்தார்:
"பாசி பிடிக்கிறது, மிஸ்.
போன ஞாயிறு ரோஸலின் வழுக்கி விழுந்தாள்.
புதுக்கல் எப்போது வரும்?"

இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.
பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும்.