பதினாறில் ஒன்று

ஒன்பதரைக்கு நெற்பூ வாய் திறக்கும்.
அதற்குமுன் நாங்கள் திறக்கவேண்டும்.
துஷாரி உமியின் நுனியைக் கத்தரிப்பாள்,
நான் ஊசியால் ஆறு மகரந்தப்பையையும் எடுப்பேன்.
ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ கணக்கில் இல்லை.
பிறகு மெழுகுத்தாள் உறை, பென்சிலில் திகதி.
தும்முல்லைச் சந்தியில் பஸ் நடத்துநர்
மகரகம மகரகம என்று கூவுவது மாடிவரை வரும்.

பகல் நீண்டால் ‘பொறு’ என்று சொல்ல
நெல்லுக்கு இரண்டு வாய்.
தாய்க்கு ஒன்று ஊமை, தகப்பனுக்கு மற்றது.
இரண்டு ஊமையும் ஒரே விதையில் விழுந்தால்
குளம் வற்றுமுன் கதிர் வரும்.
அதுதான் ஆராய்ச்சி.
மற்றதெல்லாம் தண்ணீர் ஊற்றுவது.

பேரப்பிள்ளைத் தலைமுறையில் பதினாறில் ஒன்று.
இருநூற்று நாற்பது பெயின்ட் வாளி
மொட்டைமாடி முழுக்க, காகத்துக்கு வலை கட்டி.
பதினைந்து முந்த வேண்டும்.

முப்பதாம் நாள்
எதிர்ப் புதுக்கட்டடத்தில் ஒரு திரை ஏற்றினார்கள்.
இரவெல்லாம் ஒருத்தி ஷாம்பு போட்டுத்
தலையைச் சிலுப்புகிறாள்.
இருட்டை அளந்துதான் நெல் பூக்கும்.
அவள் சிரிக்கச் சிரிக்க என் வாளிகள் நீலமாயின.
மாநகரசபைக்குக் கடிதம் எழுதினேன், மூன்று மொழியிலும்.
தார்ப்பாய் கட்டினோம், கடற்காற்று கிழித்தது.
துஷாரி அழவில்லை,
வலையில் சிக்கிய காகத்தைத் திட்டினாள்
சிங்களத்தில், நீண்டநேரம்.

ஐம்பத்தெட்டாம் நாள்,
தண்ணீர் ஊற்றும் நிஸ்தார்
"மிஸ், இது வயித்தத் தள்ளிக்கொண்டு நிக்குது" என்றான்.
வாளி நூற்றேழு. குடலை.
பிறகு முப்பத்தொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு.
வாரம் முடிய மொத்தம் பதின்மூன்று.
மற்ற இருநூற்று இருபத்தேழும்
திரையைப் பார்த்தபடி பச்சையாய் நின்றன
இந்தப் பகல் எப்போது முடியும் என்று.
ஆய்வுகூடத்தில் ஒரு மாதம் எடுக்கும் பிரிப்பை
ஷாம்புக்காரி சும்மா செய்து தந்திருந்தாள்.

கதிர் சின்னது.
நூற்றேழில் நாற்பத்தொரு மணி, அதில் ஆறு பதர்.
அவசரத்துக்கு விலை உண்டு,
அதை அடுத்த போகத்தில் பேசிக்கொள்ளலாம்.

மணியை எண்ணிய அன்று பின்னேரம் பதில் வந்தது:
முறைப்பாடு ஏற்கப்பட்டது,
திங்கள் முதல் இரவில் திரை அணைக்கப்படும்.

மூன்று மொழியிலும் மறுபடி எழுத உட்கார்ந்தேன்.
ஐயா,
இன்னும் ஒரு நாலு மாதம் எரியட்டும்.