நாலு மணிக்குத் தோள் சொல்வது

வால்பரைசோ துறைமுகத்திலிருந்து இரண்டாவது தெரு.
மூடுபனி கடைக்குள்ளும் வரும்;
கண்ணாடி அலமாரியை மதியத்துக்குள் மூன்று முறை துடைப்பேன்.
பை விற்கிறேன். கேமராப் பை மட்டும்.

வருகிறவர்கள் எத்தனை அறை என்று கேட்பார்கள்.
மழை தாங்குமா, விமானத்தில் விடுவார்களா,
கறுப்பைத் தவிர வேறு நிறம் உண்டா.
ஹிமேனா கிலோத்ரான் கேட்டது வேறு:
"காலை எட்டு மணிக்கு எல்லாப் பையும் நல்ல பைதான்.
மாலை நாலு மணிக்கு என் தோள்
எதைத் திட்டாது?"

பதில் தெரியாமல் தராசை எடுத்து வைத்தேன்.
அவள் பழைய பையைக் கவிழ்த்தாள்:
இரண்டு கேமரா,
முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ், குட்டையாய் ஒன்று,
ஃப்ளாஷ், காலுறைக்குள் முடிந்த பாட்டரிகள்,
காகிதத்தில் சுற்றிய பாதி எம்பனாடா,
கடைசியாய் ஒரு வாசற்சாவி.
ஆறு கிலோ எழுநூறு.
சாவியை நகர்த்தப் போனேன்.
"இருக்கட்டும். அதுவும் தினமும் வருகிறது."

வேலை என்ன என்றேன்.
மேலே குன்றுகளில், இந்தக் கோடையில் எரிந்த வீடுகளை
காப்பீட்டுக் கம்பெனிக்குப் படமெடுத்துக் கொடுப்பது.
சுவர் சுவராக, ஒன்று விடாமல்.

முதலில் முதுகுப் பையைக் காட்டினேன்.
இடுப்புப் பட்டை, முதுகுக்குக் காற்றோட்டம்,
சுமையே தெரியாது என்றேன். பொய்யில்லை.
"லென்ஸ் மாற்ற இறக்கி வைக்கணுமே,
எங்கே வைப்பேன்? தரையெல்லாம் ஈரச் சாம்பல்.
தையலுக்குள் போனால் போனதுதான்.
அதோடு, அது யாரோ ஒருவருடைய கட்டில்."

சக்கரப் பெட்டியைக் காட்டவே இல்லை.
இந்த ஊரில் தெரு என்பதே பாதி படிக்கட்டு.

குறுக்கே மாட்டும் பைகளுக்கு வந்தோம்.
ஒவ்வொன்றாய்க் காதருகே பிடித்து
ஜிப்பை இழுத்து இழுத்துக் கேட்டாள்,
தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவள் போல.
ஒன்று சர்ரென்றது. வைத்துவிட்டாள்.
ஒட்டுப்பட்டை பிரிந்த சத்தத்துக்கு முகம் சுளித்தாள்.
"பேச்சு நின்றுபோன ஒருத்தர் எதிரில் நிற்கும்போது
இது எதையோ கிழிக்கிற மாதிரிக் கேட்கும்."
பதினெட்டு வருஷமாய் விற்கிறேன்.
என் பைகளின் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

மிஞ்சியது ஒன்று. பாசி நிறக் கித்தான்,
தோல் நாக்கு, பித்தளைக் கொக்கி;
இரண்டு விரலால் தள்ளினால்
மூச்சுக்கூட விடாமல் திறக்கும்.
பட்டை நாலு விரல் அகலம்.
உள்ளே திணித்திருந்த காகிதத்தை உருவிவிட்டு
அவள் சாமான்களை அடுக்கினோம்.
எம்பனாடாவுக்குத்தான் இடத் தகராறு.
இடுப்பில் ஒரு சுழற்று; பை முன்னால் வந்து
மேஜைபோல் நின்றது.
"இரண்டு கையும் சும்மா இருக்கணும்," என்றாள்.
"எதையாவது கொடுப்பார்கள். கரண்டி. பூட்டு.
ஒருநாள் ஒரு குழந்தையை."

பழைய பையை ஈடாக வைத்துவிட்டு
எதிர்ப் படிக்கட்டில் ஏறினாள்.
எண்ணினேன். நாற்பதாவது படிக்கு மேல் பனி விழுங்கிவிட்டது.
பழைய பட்டையைத் தொட்டுப் பார்த்தேன்:
வியர்வை காய்ந்த உப்புக்கோடுகள்,
வரைபடத்தில் மலை உயரம் காட்டுகிற மாதிரி.
என் தோளில் போட்டேன். காலிப் பைதான்,
ஆனாலும் அவள் சாய்கிற பக்கமே நானும் சாய்ந்தேன்.

அரைமணி கழித்து மூச்சிரைக்க வந்தாள்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
"இடது எலும்புக்கு மேலே இன்னொரு மெத்தை தைப்பீர்களா?
விலை? கண்ணாடியோரம் கிடந்து வெளுத்த பைதானே இது."
தைத்தேன். குறைத்தேன், கொஞ்சம்.

சாவி யாருடையது என்று கேட்க நினைத்திருந்தேன்.
சில்லறை எண்ணும்போது மறந்துபோனது.

ராத்திரி கடை மூடப் போகையில்
மேஜையில் அந்தத் திணிப்புக் காகிதம்,
கசங்கி, உப்பி, பையின் உருவத்திலேயே உட்கார்ந்திருந்தது.
தராசில் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை.
குப்பைக்கூடை வரை கொண்டுபோனவன்
வேறு பைக்கு ஆகும் என்று
அலமாரிமேல் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.