காலி எடை

புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி.
லிஃப்ட் ரிப்பேர் என்பதை
ரத்தம் குறைந்தவர்களிடம்தான் சொல்லவேண்டும்போல.
பதினோரு படிக்கு ஒரு முறை நின்று
சுவரில் ஒட்டியிருந்த தெலுங்கு அறிவிப்பைப்
படிப்பவள்போல நடித்தேன்.
எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும்.

நகரி ரோட்டில் எடைமேடையில் எனக்கு வேலை.
பழைய இரும்பு ஏற்றிய லாரிகள்
என் ஜன்னலுக்கு வெளியே
மூச்சு வாங்கி நிற்கும்.
நேற்று மட்டும் எழுபத்திரண்டு டன் எழுதினேன்.
என்னிடம் குறைவது ஒன்றரை கிராமாம்,
ஒரு ரூபாய்க் காசில் பாதிகூட இல்லை.
டாக்டர் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
சிரித்ததிலேயே இளைத்தது.

மாத்திரை தின்று பார்த்தாயிற்று, எட்டு மாதம்.
புண்ணான குடல் அதை ஏற்கவில்லை.
ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த தபால்போல
கறுப்பாகத் திருப்பி அனுப்பியது.
ஆகவே இன்று கையில் ஊசி.

பத்மலதா சிஸ்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.
ஆறிப்போன கடுங்காப்பி நிறம்.
"மொதல் கால் மணி மெதுவாத்தான் விடுவேன்.
நெஞ்சு இறுகினா, அரிச்சா, மூஞ்சி சூடானா
ஒடனே சொல்லணும், வெக்கப்படாதே.
ஊசி எடம் எரிஞ்சாலும் சொல்லு,
வெளியே கசிஞ்சா தோல்ல கறை பிடிக்கும்,
வருஷக்கணக்கா போகாது."
பாதி தெலுங்கு, பாதி தமிழ்.
இரும்பை மட்டும் இரண்டிலும் சொன்னாள்,
இரும்பு, இனுமு,
என் நரம்புக்கு எது புரியுமோ என்று.

சொட்டு. சொட்டு.
எண்ணுவது என் தொழில், எண்ணினேன்.
நாற்பதில், நாக்கின் அடியில்
கிணற்றுச் சங்கிலியை நக்கிய ருசி.
அடுத்த கட்டிலில் முனிகிருஷ்ணய்யா,
விசைத்தறிக்காரர், சிறுநீரகம் போனவர்,
அவருக்கு இது ஒன்பதாவது பாட்டில்.
வேட்டி நுனியில் பாவு நூல் ஒட்டியிருந்தது.
சட்டைப் பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்து நீட்டினார்.
"நாளைக்கு மூட்டெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்.
காய்ச்சல்கூட வரலாம். பயந்துடாதே.
நாளன்னைக்கு ஓடலாம்னும் நெனச்சுடாதே."

உப்புத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி
அரை மணி உட்காரவைத்து
பிரஷர் பார்த்து அனுப்பினாள்.
பஸ் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது
முந்தானையால் கையை மூடிக்கொண்டேன்.
பில் இல்லாத இரும்பு.

அவர் சொன்னபடியே மறுநாள்
பல் துலக்கக் கை தூக்க முடியவில்லை.
தேசப்பன் கேட்டார், "ரத்தம் ஏறிச்சா?"
"ரத்தம் இல்ல, இரும்பு."
"அதான், ஏறிச்சா?"
அதற்கு மூன்று வாரமாவது ஆகும் என்று சொல்ல
நாக்கு எழவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகும் ஒன்றுமில்லை.
பணம் போயிற்று என்று நினைத்த ஒரு மத்தியானம்
ரசீதுப் புத்தகம் எடுக்க மேசையைத் திறந்தால்
உள்ளே பல்பம் டப்பா.
லாரி வராத நேரமெல்லாம்
யாருக்கும் தெரியாமல் கடித்துத் தின்றது.
ஐந்து குச்சி மீதி இருந்தது.
எந்த நாளில் அது வேண்டாமல் போனது?
மோந்து பார்த்தேன்.
வெறும் மண்.

குடல் அப்படியேதான் இருக்கிறது.
எங்கோ ஒரு மடிப்பில் கசிகிறது.
மூன்று மாதத்தில் மறுபடி சோதனை,
மறுபடி புத்தூர், மறுபடி கடுங்காப்பி.
தீர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
எடை போடுகிறவளுக்குத் தெரியாதா,
ஏற்றிய வண்டி எங்கோ இறக்கும்.

வெள்ளிக்கிழமை ஏகாம்பரக்குப்பம் ஸ்டேஷனில்
மேம்பாலம் ஏறினேன்.
பாதியில் வழக்கம்போல நின்றேன்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரட்டும் என்று.
மூச்சு ஏற்கெனவே இருந்தது.
என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
பின்னால் மூட்டையோடு வந்தவர்
"ஜருகம்மா" என்றார்.
நகர்ந்தேன்.