தாயிபித் கணவாயைக் கடந்த சேவல்

மஃபாத்துக்குச் சாலை கிடையாது.
மாவு மூட்டை, எரிவாயு உருளை, வாஷிங் மெஷின்
எல்லாம் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வரும்.
மற்றவர்களுக்கு முழங்கால்.

நாங்கள் நால்வர்.
சேன்-பியரில் கணக்கு வாத்தியாரான சவரி
"சும்மா காலாற நடக்கலாம், வாங்க" என்றிருந்தான்.
அந்தச் சும்மாவை
இரண்டாம் நாள் மழையில் பிழிந்து காயப்போட்டோம்.

கோமகனுக்கும் அமலிக்கும் முதல்நாளே முட்டிக்கொண்டது.
அடுப்பை எடுத்துவர வேண்டியது யார், மறந்தது யார்.
அதன்பின் இருவரும்
என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.
"அவகிட்ட தண்ணி இருக்கான்னு கேளு."
"இருக்குன்னு சொல்லு."
இரண்டடி இடைவெளியில்
நான் தபால்காரி.

மார்லாவில் இருட்டும் நேரத்துக்கு ஒரு தகரக் கூரை கிடைத்தது.
ஜோஸியானுக்கு ஐம்பது வயதிருக்கும்.
ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்தாள்.
எங்கள் காலுறைகளைப் பார்த்து "ஒத்தே!" என்றாள்.
அடேயப்பா, அட பாவமே, உள்ளே வாங்க,
மூன்றுக்கும் அதுதானாம்.

அடுப்பில் ஏதோ கீரை. என்னவென்று கேட்டோம்.
"ஷூஷூ."
கொடியோடு ஒரு காயைத் தூக்கிக் காட்டினாள்.
"சௌசௌ!" என்று நால்வரும் கத்தினோம்,
திருடனை அடையாளம் காட்டுகிறவர்கள் மாதிரி.
ஷூஷூ என்று அவள் ஒரு தரம்,
சௌசௌ என்று நாங்கள் ஒரு தரம்,
எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன்
சிரித்துச் சிரித்து விக்கும்வரை.
அதன் கொழுந்தைத் தின்னலாம் என்று
முப்பத்திரண்டு வயதுவரை
எனக்கு யாரும் சொன்னதில்லை.

காலையில் கணக்குத் தீர்த்தபோது
பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தாள்.
கூடவே ஒரு கூடை.
கூடைக்குள்ளிருந்து ஒரு கண் பார்த்தது.

"சிலாவோஸில் என் அண்ணன், கஸ்தோன்.
தேவாலயத்துக்குக் கீழே, பயறு காயும் வீடு.
இவனை அங்கே சேர்த்துவிடுங்கள்."

ஏற்றத்தில் முதலில் நான் சுமந்தேன், பிறகு சவரி.
கோமகன் முறை வந்ததும்
சேவல் கூடையை உதறி அவன் கைக்கு வந்தது.
மூன்று கீறல்.
"இறக்கையச் சேத்துப் பிடி. பயப்படுது பாரு"
என்றாள் அமலி. அவனிடமே. நேராக.
"எது, நானா?" என்றான்.
கேட்காததுபோல் நான் முன்னே நடந்தேன்,
வேலை போன தபால்காரி.

கணவாயில் மூடுபனி. மணி பத்தரை.
இப்போதுதான் விடிகிறது என்று நினைத்ததோ என்னவோ,
சேவல் கூவியது.
கீழே எங்கோ, எந்தப் பக்கத்துக் கீழே என்று தெரியவில்லை,
இன்னொன்று ஆமாம் என்றது.

இறக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கஸ்தோன் கூடையைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.
"மறுபடி இவனா!"
போன மாதம்தான் ஒரு ஜெர்மன் தம்பதியிடம்
இவனை மேலே கொடுத்து அனுப்பினாராம்.
அதற்கு முந்தைய மாதம் அவள் கீழே அனுப்பியிருந்தாள்.
மூட்டு தேய்ந்தபின் இவரால் ஏற முடியாது.
இடுப்பு அவளை இறங்க விடாது.
"போன் இல்லையா?" என்றான் சவரி.
"இருக்கிறதே. அதில் என்ன பேசுவது?"

சேவலுக்குத் தண்ணீர் வைத்தார்.
எங்களுக்குக் காப்பி ஊற்றினார்.
சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே,
ஏதோ ஞாபகம் வந்தவர்போல்,
"கதவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டாளா?" என்றார்.

பச்சை என்றான் சவரி.
நீலம்தானே என்றாள் அமலி.
கதவே இல்லை, சாக்குதான் தொங்கியது என்றான் கோமகன்.
அந்த நிலைப்படியில்
இரண்டு தரம் நெற்றியை இடித்துக்கொண்டவள் நான்.
கதவு எந்த நிறம் என்று எனக்கும் தெரியவில்லை.

அவர் எங்கள் நால்வரையும் பார்த்தார்.
பிறகு சேவலைப் பார்த்தார்.
அது முற்றத்தில்
பயறு பொறுக்கிக்கொண்டிருந்தது.