உடம்படுமெய்

டோங்காட்டில் அன்று ஞாயிறு.
ஆலைக்காகக் கரும்பைக் கொளுத்தியிருந்தார்கள்;
கொடித் துணியில் கரித்தூள் இறங்கிக்கொண்டிருந்த நேரம்
பூபாலனைக் காரிலிருந்து இறக்கினாள் நீலாவதி.
விக்கெட்டுக்குப் பின்னால் குனிந்தவன் வாயில்
பந்து நேரே வந்து விழுந்ததாம்.

மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.
"இருக்கு" என்றாள்.
கைக்குட்டையை அவிழ்த்தாள்.

அத்தனை வெள்ளை!
பற்பொடி போட்டு, பிரஷ் வைத்து,
வேரில் ஒட்டிய சிவப்பெல்லாம் போகும்வரை
வெந்நீரில் தேய்த்திருக்கிறாள்.
குத்துவிளக்கைத் துலக்கி முடித்தவளின் முகம்.

எப்படிச் சொல்வேன்,
அந்தச் சிவப்பில்தான் எல்லாம் இருந்தது என்று.

பல்லை எலும்பில் நட்டு வைத்திருக்கவில்லை.
தொங்குகிறது.
கால் மில்லிமீட்டர் இடுக்கு.
அதில் சாய்வாய் ஓடும் நார்கள்,
ஒரு முனை வேரின் காரையில், மறுமுனை குழியின் சுவரில்,
கயிற்றுக் கட்டில் முறுக்கியதுபோல.
கடித்தால் பல் ஒரு நூலிழை அமிழும்,
விட்டதும் ஏறும்.
சோற்றில் கிடக்கும் ஒற்றை மணலை
முதலில் அறிவது பல் அல்ல, இது.
இந்தப் பக்கம் எலும்பு கட்டும், அந்தப் பக்கம் காரை பூசும்,
தன்னை மட்டும் கடைசிவரை
மெலிதாகவே வைத்துக்கொள்ளும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
என் மண்டையில் ஏறிய இலக்கணம் ஒன்றே ஒன்று:
இரண்டு உயிர் நேருக்கு நேர் முட்டாதபடி
நடுவே வந்து நிற்கும் யகரம், வகரம்.
தேர்வில் பதினெட்டு வாங்கினேன், அது போகட்டும்.

கழுவிய பல்லைக் குழியில் வைத்தேன்.
பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி ஒட்டினேன்.
பூபாலன் வலியில் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடையில் ஒரு புதன்கிழமை
டாக்ஸி ஓட்டும் ம்டெத்வா ஓடி வந்தார்,
மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாள்.
பால் பாக்கெட்டுக்குள் பல்,
இரத்தமும் ஒரு துண்டுப் புல்லுமாய்.
"கழுவ நேரமில்லை, மன்னிக்கணும்" என்றார்.
அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், குலுக்கினேன்.
அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எட்டாம் மாதம் நீலாவதி சிரித்துக்கொண்டே வந்தாள்:
"ஆடவே இல்லை பாருங்க. கல்லு மாதிரி."

கண்ணாடிக் கைப்பிடியால் தட்டினேன்.
மற்ற பற்கள் மந்தமாய்ப் பேசின.
இது கணீரென்றது, வெண்கலக் கும்பா.

பல்லுக்கு உறுதி என்ற சொல்லை
எனக்கு அஞ்சத்தான் தெரியும்.
நடுவில் ஆள் இல்லையென்றால்
எலும்பு பல்லை அந்நியம் என்று நினைப்பதில்லை.
தன்னுடையது என்று நினைக்கும்.
தன்னுடையதை நடத்துவதுபோலவே
கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்து,
அந்த இடத்தில் தானே உட்காரும்.
ஐந்து வருடம் ஆகலாம். எட்டும் ஆகலாம்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒவ்வொரு வேரையும் சுற்றி மயிரிழைக் கறுப்புக் கோடு.
இதற்கு மட்டும் இல்லை.
அவன் தோளில் கன்னத்தை அழுத்தியபடி
அவளும் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே கழுவினேன்?"

ஜன்னலில் கரித்தூள் படிந்துகொண்டிருந்தது.

"ரொம்பச் சுத்தமா" என்றேன்.